மெழுகுவர்த்தி மாமாவுக்கு அம்மா எழுதியது

ஜூன் 28, சனி

அனுமதி இல்லாமல் இந்த நோட்டைப் பிரிக்கிறவர்களுடைய செருப்பில் ஒன்று காணாமல் போகும். எந்தக் கால் என்பதை நான் முடிவு செய்வேன். இப்படிக்கு, கனிஷ்கா, பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு, திருப்பூர்.

இன்றைய செய்தி: எனக்கு ஒரு மாமா பிறந்திருக்கிறார். பிறக்கும்போதே அறுபத்தெட்டு வயது, வெள்ளை மீசை, வங்கி மேலாளராக இருந்து ஓய்வு. பெயர் மெழுகுவர்த்தி மாமா. வசிப்பது டெலிகிராமில் நான் திறந்த சேனலில்.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் கம்ப்யூட்டர் அருளப்பன் சார். வியாழக்கிழமை எஸ்.க்யூ.எல். பாடம் ஆரம்பித்தார். ஒரு பெரிய அட்டவணையிடம் “இந்த மாதிரி வரிசைகளை மட்டும் எடுத்துக் கொடு” என்று கேட்கும் மொழி அது. பத்தாவது நிமிடம் சார் பங்குச் சந்தைக்குள் விழுந்துவிட்டார். அங்கே ஒரு நாளுக்கு ஒரு மெழுகுவர்த்தி வரைவார்களாம். காலை விலையிலிருந்து சாயங்கால விலை வரை அதன் உடம்பு. விலை ஏறியிருந்தால் பச்சை, இறங்கியிருந்தால் சிவப்பு. நேற்றைய குட்டிச் சிவப்பை இன்றைய பெரிய பச்சை முழுசாக விழுங்கிவிட்டால், விலை இனி ஏறும் என்று அர்த்தமாம்.

“சார், கரண்ட் போனா ஷேர் மார்க்கெட்டைப் பத்த வெச்சுக்கலாமா?” என்றேன்.

வெளியே நிற்கச் சொன்னார். அங்கே நின்றபோதுதான் மாமா கருவில் உருவானார். திட்டம் இதுதான்: மாமா தினமும் ஒரு பங்கின் பெயரைச் சொல்வார், சார் மயங்கி விழுவார், ஆசிரியர் தினத்தன்று மேடையில் மாமாவின் மீசையை நான் பிய்ப்பேன். ரிஹானாவிடம் மட்டும் சொன்னேன். “நீ உருப்படவே மாட்டே டீ” என்று ஆசீர்வதித்தாள்.

ஜூலை 2, புதன்

ரப்பர் பல்லி தோல்வி. அடுப்புக்கு வலது பக்கம், கரண்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அம்மா கரண்டியை எடுத்தாள், கிண்டினாள், பல்லியின் முதுகின் மேலேயே கரண்டியை வைத்தாள். கத்தல் இல்லை, ஒன்றும் இல்லை. வயசானால் பயம் விட்டுப்போகும் போலிருக்கிறது.

சாப்பிடும்போது இன்னொரு வேடிக்கை. அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிச் சாப்பிடுகிறாள், ஸ்டீயரிங் மாதிரி. “அம்மா, பல்லடம் ஒரு டிக்கெட்” என்றேன். அம்மா சிரித்தாள். அப்பா லாரி ஓட்டி, அம்மா தட்டு ஓட்டி, நல்ல குடும்பம். அப்பா குஜராத் லோடு போயிருக்கிறார், இருபதாம் தேதிக்கு மேல்தான் வருவார்.

ஜூலை 3, வியாழன்

மாமாவுக்கு நிஜமான மூளை வைத்துவிட்டேன். கண்டபடி பெயர் சொன்னால் சார் கண்டுபிடித்துவிடுவார். அதனால் நான்கு வருடத்துத் தினசரி விலைக் கோப்புகளை இறக்கி, என் பழைய லேப்டாப்பில் அட்டவணையாக ஏற்றினேன். முந்தைய நாளின் வரிசையைப் பார்க்க ‘லேக்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது, அடுத்த நாளைப் பார்க்க ‘லீட்’. நேற்று சிவப்பு, இன்று பச்சை, இன்றையது நேற்றையதை விழுங்கியிருக்க வேண்டும். இதெல்லாம் லேக். “அவசரப்படாதீங்க, மூணாவது மெழுகுவர்த்தியும் பச்சையா வந்தாத்தான் உறுதி” என்று ஒரு யூடியூப் அண்ணன் சொன்னார். அதற்கு லீட் போட்டு, மூன்றாம் நாளும் ஏறியவற்றை மட்டும் வடிகட்டினேன்.

பிறகு, இப்படி விழுங்கியவற்றில் எத்தனை லாபம் தந்தன என்று கேட்டேன். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு!

கணக்குப் பரீட்சையில்கூட நான் இவ்வளவு பார்த்ததில்லை. சேனலின் நெற்றியிலேயே எழுதி ஒட்டிவிட்டேன்: “நூற்றுக்கு 94 பலிக்கும்.”

ஜூலை 4, வெள்ளி

சார் சேர்ந்துவிட்டார்! வகுப்பில் சொல்கிறார்: “ஒரு பெரியவர் இருக்கார். என்ன தெளிவு, என்ன அடக்கம். அவர்கிட்ட நீங்கல்லாம் கத்துக்கணும்.” ரிஹானா பெஞ்சுக்கு அடியில் போய்ச் சிரித்தாள்.

ஜூலை 7, திங்கள்

மாமாவிடம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். இருநூற்றுப் பன்னிரண்டாவது பெயர் மைனாவதி. படம், எங்கள் வீட்டு வாசலில் நின்று நான் எடுத்தது.

அம்மா.

ஜூலை 8, செவ்வாய்

விசாரித்ததில் தெரிந்தது: அம்மா வேலை செய்கிற பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிள் முழுக்க மாமா பரவியிருக்கிறார். ஆரம்பித்தது சம்பூரணம் அக்கா. அந்த அக்காவின் மகன்தான் எல்லோருக்கும் போனில் பங்கு வாங்கும் கணக்குத் திறந்து கொடுத்தானாம். பனியன் துணியில் ஓட்டை, கறை, நூல் விட்டது என்று நாள் முழுக்கக் கண்டுபிடிக்கிற பதினோரு பேர். என் மாமாவில் ஓட்டை இருப்பதை மட்டும் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

சாயங்காலம் துவையல் அரைத்துக்கொண்டே அம்மா கேட்டாள். “கண்ணு, உங்க சார் ஷேர் பத்தியெல்லாம் சொல்லுவாருன்னியே. மெழுகுவர்த்தி மாமான்னு ஒருத்தர் இருக்காராமா?”

“ஆமாங்கம்மா. பெரிய ஆளாம்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நாக்கின் பழக்க தோஷம்.

அம்மாவின் கழுத்தில் செயினைக் காணோம், மஞ்சள் கயிறு மட்டும் இருக்கிறது. மெருகு போடக் கொடுத்திருக்கிறாளாம்.

ஜூலை 9, புதன்

இன்றைய பங்கு: வேங்கைமலை கெமிக்கல்ஸ். மூன்று மெழுகுவர்த்தியும் அச்சு வார்த்த மாதிரி.

போட்ட கால் மணி நேரத்தில் மாமாவுக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. “வணக்கம் சார். எழுத்து சிறுசா இருக்குதுங்க. வாய்ஸ்ல அனுப்ப முடியுங்களா?”

வாய்ஸ் போனால் மாமாவுக்கு வயது கால்வாசியாகக் குறைந்து, பாலினமும் மாறிவிடும். “தொண்டை கட்டியிருக்கிறது அம்மா” என்று எழுதினேன். அடுத்த நிமிடம் பதில்: “பால்ல மெளகும் மஞ்சளும் போட்டுக் குடிங்க சார். எம் பொண்ணுக்கு அதுதான் கேக்கும்.”

அடுப்பங்கரையில் நின்றபடிதான் அனுப்பியிருக்கிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான். சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

அம்மா தட்டித் தட்டி எழுதாமல் போனில் பேசி எழுத வைத்திருக்கிறாள் போல. நீளமான செய்தி. அப்படியே எழுதி வைக்கிறேன்.

“சார், உங்க பொண்ணு மாதிரி நெனச்சுக்கங்க. எனக்குக் கண்ணுல அழுத்தம் சார். ஓரமெல்லாம் இருட்டுது. போன பார்வை வராது, மிச்சத்தைக் காப்பாத்த ஆபரேசன் பண்ணோணும்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. பண்ணா ரெண்டு மாசம் வேலைக்குப் போக முடியாது. செக்கிங்ல கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா அடுத்த நாளே கணக்கு முடிச்சுருவாங்க. ஏற்கெனவே ரெண்டு பீஸ்ல ஓட்டையை விட்டுட்டேன். சம்பூரணம் பாத்து மாத்தி வெச்சா.

“தட்டுல ஒரு ஓரமா வெச்ச பொரியல் தெரியறதில்லீங்க சார். தட்டைத் திருப்பித் திருப்பிச் சாப்பிடறேன். எம் பொண்ணு பாத்துட்டு, அம்மா பஸ் ஓட்டறாங்கன்னு சிரிக்கறா. சிரிக்கட்டும்னு நானும் ஓட்டறேன்.

“அவளுக்கும் தெரியாது, அவங்கப்பாவுக்கும் தெரியாது. செயினை வித்துட்டேங்க. பணம் திங்கக்கிழமை காலைல கணக்குல ஏறிரும். மொத்தத்தையும் வேங்கைமலையில போட்டர்றேன். ரெட்டிப்பாச்சுன்னா ஆபரேசனும் ஆச்சு, பொண்ணு காலேஜும் ஆச்சு. நூத்துக்குத் தொண்ணூத்தி நாலுன்னு நீங்க போட்டிருக்கறதப் பாத்த அன்னிக்குத்தான் சார் நல்லாத் தூங்கினேன்.”

வெங்காயம் நறுக்கியதால் கண் எரிகிறது. இன்றைக்கு நாங்கள் வைத்தது பருப்புச் சாதம்தான். பரவாயில்லை, வெங்காயம்தான்.

ஜூலை 11, வெள்ளி

பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்று வலி என்றேன். முதன்முறையாகப் பொய் இல்லை.

அம்மா கம்பெனிக்குப் போனதும் லேப்டாப்பைத் திறந்தேன். அந்த 94 நிஜம்தான் என்று இன்னொரு முறை என் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது. கேள்வியை வரி வரியாகப் படித்தேன். மூன்றாவது தடவைதான் அது கண்ணில் பட்டது.

மூன்றாம் நாள் விலை ஏறியவற்றை மட்டும் நானே வடிகட்டி எடுத்திருக்கிறேன். அப்புறம் அதே அட்டவணையிடம், இரண்டாம் நாள் வாங்கியிருந்தால் லாபமா என்று கேட்டிருக்கிறேன். ஏறியதை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டு, ஏறியதா ஏறியதா என்று கேட்டால் அது வேறென்ன சொல்லும்? விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதி, தொண்ணூற்று நான்கு வாங்கியிருக்கிறேன். மிச்ச ஆறும், சில நாள் வைத்திருந்து விற்பதற்குள் மறுபடி இறங்கியவை.

மாமா பெயரைச் சொல்வது மூன்றாம் நாள் சாயங்காலம். அம்மா வாங்கப் போவது அதற்கும் பிறகு. ஏற வேண்டியது ஏறி முடிந்தபின்.

கேள்வியைத் திருத்தினேன். மாமா சொன்ன பிறகு வாங்கினால் எத்தனை லாபம்? என்டரை அழுத்தக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நாற்பத்தெட்டு.

காசைச் சுண்டிப் போட்டால்கூட ஐம்பது வரும்.

ஜூலை 12, சனி

மாமாவாக எழுதினேன்: “அம்மா, மொத்தத்தையும் போட வேண்டாம். சந்தை ஆபத்தானது.”

அம்மா: “இப்படிச் சொல்றீங்க பாருங்க, அதனாலதான் சார் உங்கள நம்பறேன். மத்தவங்கல்லாம் போடு போடுங்கறாங்க.”

மாமா: “என் கணக்கில் தவறு இருக்கிறது. 94 இல்லை, 48தான்.”

அம்மா: “பெரியவங்க தன்னைத் தாழ்த்திச் சொல்றது வழக்கம்தானுங்க.”

மாமா: “வேங்கைமலை வேண்டவே வேண்டாம்.”

அம்மா: “சார், நான் செயினை வித்ததால வருத்தப்படறீங்க. எங்கப்பா இருந்தா இப்படித்தான் சொல்லுவாரு. பயப்படாதீங்க சார், நான் தைரியமா இருக்கேன்.”

நான் உண்டாக்கின ஆள். நான் சொன்னால் கேட்க வேண்டாமா? ஆனால் அவருக்கு எப்படிப்பட்ட மனசு என்பதை அம்மாவே முடிவு செய்துவிட்டாள். என்னால் அதை மாற்ற முடியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமாவைக் கொன்றுவிட்டேன். சேனல், கணக்கு, மீசை, எல்லாம் அழித்தாயிற்று. ஆளே இல்லையென்றால் நம்பிக்கையும் போய்விடும் என்று நினைத்தேன்.

மத்தியானம் அம்மா போனில் சம்பூரணம் அக்காவிடம் பேசுவது கேட்டது. “காணாமப் போயிட்டாருக்கா. தொண்டை கட்டியிருக்குன்னாரு பாவம், என்னாச்சோ. போனாப் போகுது, பேரைத்தான் சொல்லிட்டுப் போயிருக்காரே. அது போதும்.”

ரிஹானா வீட்டுக்கு ஓடினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அம்மாகிட்ட நேராச் சொல்லு டீ” என்றாள்.

“சொன்னா, அவங்க எழுதினதையெல்லாம் நான் படிச்சேன்னு தெரிஞ்சிரும்.”

“தெரியட்டும்.”

“என் மூஞ்சியில முழிக்க மாட்டாங்க டீ.”

“இப்ப மட்டும் முழுசா பாக்கறாங்களா?” என்றாள். சொன்னதும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

சாயங்காலம் நான்கு முறை அம்மாவின் முன்னால் போய் நின்றேன். நான்கு முறையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 14, திங்கள்

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் கோணட்டும்.

அம்மா லீவு போட்டிருந்தாள். குளித்து, சாமிக்கு விளக்கேற்றி, ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஒன்பதே காலுக்குச் சந்தை திறக்கும். ஒன்பது ஐந்துக்கே போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் அசைத்து எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

“ஸ்கூலுக்கு நேரமாகலையா சாமி?”

“அம்மா, அந்த மாமா நாந்தான்.”

“எந்த மாமா?”

“மெழுகுவர்த்தி மாமா.”

அம்மா சிரித்தாள். நல்லா வாய்விட்டு. “போன மாசம் கரண்ட் ஆபீஸ்ல இருந்து பேசறேன்னே. அதுக்கு முந்தி ரேசன் கடை ஆபீசர்னே. இன்னிக்கு மாமாவா? தள்ளு கண்ணு, வெளிச்சத்த மறைக்காத.”

“சத்தியமாம்மா. சார ஏமாத்தறதுக்காக ஆரம்பிச்சேன். அந்தத் தொண்ணூத்தி நாலு தப்பும்மா. கேள்வியத் தப்பாப் போட்டுட்டேன்.”

“உம்ம்.”

லேப்டாப்பைத் தூக்கி வந்து மடியில் வைத்தேன். “பாருங்க, இதான் நான் எழுதினது. இந்த வரிதான் தப்பு.”

அம்மா திரையைப் பார்த்தாள். பார்ப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டாள். “என்னமோ எழுத்தா ஓடுது. அப்பறம் பாக்கறேன், எடு” என்றாள்.

அவளால் படிக்க முடியவில்லை. மாமாவின் கணக்கைத் திறந்து காட்டலாமென்றால் நேற்றுத்தான் நானே அழித்துத் தொலைத்தேன். எட்டு வயதிலிருந்து எல்லோரையும் ஏமாற்றிப் பழகியவளுக்கு, உண்மை என்று நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம்கூட மிச்சமில்லை. ஒன்பது பன்னிரண்டு. அம்மா ரகசிய எண்ணை ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தாள்.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதைத்தான் நான் நான்கு நாளாகச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

“‘தட்டுல ஒரு ஓரமா வெச்ச பொரியல் தெரியறதில்லீங்க சார்’” என்றேன்.

அம்மாவின் விரல் நின்றது.

“‘தட்டைத் திருப்பித் திருப்பிச் சாப்பிடறேன். எம் பொண்ணு பாத்துட்டு, அம்மா பஸ் ஓட்டறாங்கன்னு சிரிக்கறா…’” அதற்கு மேல் வரவில்லை.

அம்மா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். வெளியே தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. பக்கத்து வீட்டு அக்கா குடத்தோடு ஓடும் சத்தம் கேட்டது. சுவர்க் கடிகாரத்தை நான் பார்த்தேன். ஒன்பது பதினைந்து, பதினாறு, இருபது.

“வேற யாரு படிச்சா?”

“நான் மட்டுந்தாம்மா.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா கையைத் தூக்கவே இல்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டாள்: “படிக்கறப்போ சிரிச்சியா கண்ணு?”

“இல்லம்மா.”

இதுவரை நான் சொன்ன ஆயிரம் இல்லைகளில், இந்த ஒரு இல்லையை மட்டும் அவள் நம்ப வேண்டும். நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். நிலைப்படியின் வலது பக்கம் தோள் இடித்தது. எத்தனை நாளாக அங்கே இடிக்கிறதோ.

பங்கு வாங்கவில்லை. பேசவும் இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

அருளப்பன் சாரிடம் போய்ச் சொன்னேன். போர்டில் அந்தக் கேள்வியை எழுதிக் காட்டச் சொன்னார், தப்பான வரியோடு. எழுதினேன். “நானும் போட்டிருக்கேன்மா” என்றார். எவ்வளவு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் புதிதாக ஒரு சேனல் திறந்து, என் சொந்தப் பெயரில் நடந்ததை எழுதினேன். சாரே எல்லோருக்கும் அனுப்பினார். வந்த திட்டுகளை ஒன்று விடாமல் படித்தேன்.

ஜூலை 16, புதன்

அம்மா செக்கிங் டேபிளில் தானே சொல்லிவிட்டாளாம். மாமா விஷயத்தை மட்டுமில்லை, கண் விஷயத்தையும். சூப்பர்வைசர் இன்னும் பதில் சொல்லவில்லை. பேக்கிங்குக்கு மாற்றுவார்களா, கணக்கு முடிப்பார்களா என்று வெள்ளிக்கிழமைதான் தெரியும். அப்பாவிடம் போனில் சொல்லும்போது அம்மா அழவில்லை. அந்தப் பக்கம் அப்பா வண்டியை ஓரங்கட்டிவிட்டார் போல, இன்ஜின் சத்தம் நின்றுபோனது.

என்னிடம் மூன்று வார்த்தை பேசினாள்: “நாளைக்கு வர்றியா, ஆஸ்பத்திரிக்கு?”

ஜூலை 17, வியாழன்

கண் ஆஸ்பத்திரி. நாற்பத்தாறாம் டோக்கன். ஆபரேசனுக்கு முன்னால் பார்வை எவ்வளவு மிச்சம் என்று ஒரு பரிசோதனை செய்ய வேண்டுமாம்.

காத்திருக்கும்போது அம்மா எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். “மாமாகிட்டச் சொன்ன மாதிரி உங்கிட்டச் சொல்ல வரல கண்ணு. முன்னப்பின்ன தெரியாதவரு, அதனால சொல்லிட்டேன். இனிப் பழகிக்கறேன்.”

“நான் கேலி பண்ணுவேன்னு பயந்தீங்களா?”

“இல்ல. நீ கேலி பண்றத நிறுத்திருவியோன்னு.”

அவள் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். இருட்டு அறை. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, ஒரு கண்ணை மூடி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார் அந்த அக்கா. “நடுப்புள்ளியையே பாருங்கம்மா. சுத்தி எங்கயாவது வெளிச்சப் பொட்டு வரும். தெரிஞ்சா அமுத்துங்க. தெரியலைன்னா விட்டுருங்க, ஊகிச்சு அமுத்தாதீங்க.” என்னை வெளியே உட்காரச் சொன்னார். கதவு ஒருக்களித்திருந்தது.

க்ளிக். க்ளிக். க்ளிக்.

கேட்கக் கேட்க மூச்சு வந்தது. பிறகு ஒரு இடைவெளி. க்ளிக். மறுபடி இடைவெளி, முன்னைவிட நீளம். அந்த மௌனத்தில் எத்தனை பொட்டுகள் எரிந்து அணைகின்றன என்று எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. எண்ண ஆரம்பித்தேன். ஐந்து. ஆறு. உள்ளே ஓடிப்போய் அந்தப் பொத்தானை வாங்கி நானே படபடவென்று அமுக்கிவிடலாம் என்று கால் துடித்தது. எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறேன், ஒரு இயந்திரத்தை முடியாதா? முடியும். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வாங்கிக் கொடுத்துவிடுவேன். நாற்காலியின் அடிக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதின்மூன்று. பதினான்கு.

“அம்மா, நடுவுலதான பாக்கறீங்க?” என்றார் அந்த அக்கா.

“ஆமாங்க” என்றாள் அம்மா.

பதினேழு. பதினெட்டு.

க்ளிக்.